அப்பாவின் எடை

மார்ச் 4, செவ்வாய்

காலை எட்டேகாலுக்கு இன்றும் அந்த போன். கூடத்திலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. "அறுபத்தெட்டரை, சிஸ்டர். நேத்து அறுபத்தெட்டு." பிறகு ஒரு சிரிப்பு. அப்பா வாய்விட்டுச் சிரிப்பது, எனக்குத் தெரிந்து, வருடத்துக்கு நாலைந்து முறை நடக்கும் காரியம். இப்போது வாரத்துக்கு நாலைந்து முறை நடக்கிறது. இதயப் பிரிவு நர்ஸ் ஒருத்தி போன் செய்யும்போது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. இதயம் பெரிதாகித் தளர்ந்துவிட்டது, ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் முப்பது சதவீதத்தைத்தான் வெளியே தள்ளுகிறது என்றார் டாக்டர். "பாஸ் மார்க்குக்கு அஞ்சு குறையுது" என்றார் அப்பா, மூக்கில் குழாயோடு. தள்ளும் வேலை சரியாக நடக்காவிட்டால் உடம்பில் தண்ணீர் தேங்குமாம். முதலில் காலில், அப்புறம் நுரையீரலில். மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்ல வேண்டும்.

எடை பார்ப்பதில் அப்பாவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. முப்பத்தொரு வருடம் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசுகளுக்கு முத்திரை வைத்தவர். குளியலறைக்கு வெளியே இருப்பது வட்ட முகமும் முள்ளும் வைத்த பழைய ஸ்பிரிங் எடை மெஷின். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "பேட்டரி பொய் சொல்லும், ஸ்பிரிங் சொல்லாது" என்றார்.

கிளம்பும்போது நானும் கேட்டேன். "எப்படிப்பா தூங்குனீங்க?"

"ம்."

அவளுக்குக் கால் மணி நேரம். எனக்கு ஓர் எழுத்து.

மார்ச் 6, வியாழன்

இன்று பதினெட்டு நிமிடம். ஆமாம், கடிகாரத்தைப் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏண்டி, போன் வந்தா மட்டும் உன் மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?"

"எப்படிப் போகுது?"

"வேற யாரோ உன் தட்டுல கை வெச்ச மாதிரி."

ஒன்றும் இல்லை என்றேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கட்டினவ நான். எனக்கே ஒண்ணும் தோணல. உனக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு என்ன வந்தது? படித்த நாவல்களில் எல்லாம் பொறாமையைக் காதலர்களுக்கும் பங்காளிகளுக்கும்தான் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தேழு வயது மகள், அப்பாவோடு போனில் பேசும் நர்ஸைப் பார்த்துப் புழுங்குவதற்கு எந்தப் புத்தகத்திலும் இடம் இல்லை. கேவலமாக இருக்கிறது. ஆனாலும் இருக்கிறது.

நியாயத்தையும் எழுதிவைக்கிறேன். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துப் பெட்டியில் போடுவது நான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்பதால் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருப்பது நான். ரொட்டிப் பாக்கெட்டைத் திருப்பி உப்பு எவ்வளவு என்று படிப்பது நான். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், "ஆடிட்டர்." நான் அறைக்குள் நுழைந்தால், "ஆடிட்டர் வந்தாச்சு, எல்லாத்தையும் மறைங்க" என்கிறார். அதையே அவள் கேட்டால், "சொல்லுங்க சிஸ்டர், என்ன வேணும்?"

மார்ச் 12, புதன்

இன்று கூடத்தின் வாசலில் நின்று கேட்டேன். வேண்டுமென்றேதான் நின்றேன்.

"மல்லாக்கப் படுத்தா தண்ணிக்கு அடியில கிடக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர். அதான் ரெண்டு தலையணை வெச்சுச் சாஞ்சுக்கிறேன். கண்ண மூடவே ஒரு மாதிரி... பயம்னு சொல்ல மாட்டேன்."

கொஞ்சம் விட்டு, "சரி, பயம்தான்."

அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனபோதுகூட, "கேஸை மூடுனியா?" என்றுதான் கேட்டார்.

ஆபீஸில் வேலை ஓடவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் விடைகளைச் சரிபார்க்க வேண்டும். அதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. தொட்டியில் தண்ணீர் நிரம்பும் கணக்கு ஒன்று வந்தது. அதை மட்டும் மூன்று முறை போட்டேன், மூன்று விடை வந்தது.

என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் என்ன செய்திருப்பேன்? அழுதிருப்பேன். சரி. அழுதால் என்ன?

மார்ச் 14, வெள்ளி

அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிப்போன க்ளினிக்கில் அவளை நேரில் பார்த்தேன்.

குரலை வைத்து என் வயதுக்காரி என்று நினைத்திருந்தேன். நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வெறுப்பதற்கு வசதியாக ஒன்றுமே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பாவுக்கு முன்னால் ஒரு பழைய தபால்காரர். அவருக்கும் இதே கோளாறு. அவருடைய எடைக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே அவள் சத்தமாகச் சொன்னாள். "மூணு மாசமா ஒரே எடை! இந்தக் க்ளினிக்ல முதல் ராங்க் இவருக்குத்தான்." பிறகு அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்களும் கிட்டத்துல வந்துட்டீங்க."

தபால்காரர் எழுந்துபோகும்போது அப்பாவின் தோளைத் தட்டினார். "ரெண்டாவது ராங்க்கும் மோசமில்ல சார். விடாதீங்க, முயற்சி பண்ணுங்க."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை உள்ளே இழுத்து, கண்ணை ஜன்னலுக்குத் திருப்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓர் இருமல். அந்த முகத்தை நான் கண்ணாடியில் தினமும் காலை எட்டரைக்குப் பார்க்கிறேன். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று இனி யாரையும் கேட்க வேண்டாம்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார். "அந்த ஆள் பொய் சொல்றான்."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"மனுஷ உடம்பு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். மூணு மாசமா ஒரே எடைன்னா, ஒண்ணு தராசு செத்திருக்கணும், இல்ல ஆள் செத்திருக்கணும்."

சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சனி, அறுபத்தெட்டு. ஞாயிறு, அறுபத்தெட்டு. திங்கள், அறுபத்தெட்டு. இன்றும் அறுபத்தெட்டு.

விடைகளைச் சரிபார்க்கும் வேலையில் ஒன்று கற்றிருக்கிறேன். புத்தகம் எழுதுபவர்கள் தாங்களே போட்ட விடை கொஞ்சம் கோணலாக இருக்கும். பார்த்து எழுதியதுதான் இவ்வளவு அழகாக வரும்.

போனில் அவள் என்ன சொன்னாளோ, அப்பா ஒரு சின்னப் பிள்ளை மாதிரி, "அப்ப நான்தானே முதல்?" என்றார்.

மார்ச் 19, புதன்

எழுதத்தான் வேண்டும்.

காலையில் அப்பா மார்க்கெட்டுக்கு நடக்கப் போனார். எந்தக் கடைக்காரரின் தராசிலாவது குறை கண்டுபிடித்துச் சண்டை போட்டுவிட்டு வருவது அவருடைய உடற்பயிற்சி. தரையைத் துடைக்கக் குனிந்தேன். எடை மெஷின் மேல் யாரும் இல்லை, எதுவும் இல்லை. முள் ஜீரோவில் நிற்கவில்லை. ஜீரோவுக்குக் கீழே ஒன்றரைக் கிலோவில் நின்றது.

பக்கத்தில் முள்ளைச் சரிசெய்யும் சின்னத் திருகு இருக்கிறது. தானாகத் திரும்பும் திருகு அல்ல அது.

அப்படியானால் அவருடைய உண்மையான எடை அறுபத்தொன்பதரை. நாலு நாளில் ஒன்றரைக் கிலோ. இதே தப்புக்கு எத்தனை கடைகளுக்கு அபராதம் போட்டிருப்பார்! சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தேன்.

இரண்டு கிலோ என்றுதானே சொன்னார்கள். இன்னும் அரைக் கிலோ இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

மார்ச் 20, வியாழன்

ஏன் சொல்லவில்லை?

பதில் ஒன்று: அப்பா அவமானப்படுவார். அழகான பதில். பொய்.

பதில் இரண்டு: அவளே கண்டுபிடிக்கட்டும். அவ்வளவு கெட்டிக்காரி, அவ்வளவு அக்கறை, பதினெட்டு நிமிடம் பேச்சு. அவளுடைய முதல் ராங்க் மாணவன் காப்பியடிக்கிறான் என்று அவளே கண்டுபிடித்து, அவளே முகம் சுருங்கட்டும். அப்புறம் அப்பா என்னிடம் வருவார்.

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

மார்ச் 21, வெள்ளி

அப்பாவின் கணுக்காலில் காலுறையின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கிறது. "ஷூ சின்னதாயிடுச்சு" என்கிறார். அறுபத்துமூன்று வயதில் கால் வளருமா?

நாளைக்குச் சொல்கிறேன். நாளைக்குக் கண்டிப்பாக.

மார்ச் 22, சனி

போன் வந்தபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். "அறுபத்தெட்டு..." என்றார் அப்பா. நிறுத்தினார். "சிஸ்டர்." மறுபடி நிறுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. அப்பா பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல், போனை என்னிடம் நீட்டினார்.

"உன்ன... கேக்குறாங்க."

போனில் அவள் குரலில் சிரிப்பே இல்லை. "உங்க அப்பா ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுக்கிறார். போன வாரம் ஒரு தராசுக் கடைக் கதையை ஒரே மூச்சுல சொன்னவர். எடை சரியாத்தான் பார்க்கிறாரா?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்றா, சொல் என்றா? இப்போதும் தெரியவில்லை.

"இல்ல. முள்ளத் திருகி வெச்சிருக்கார்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"புதன்கிழமையிலேர்ந்து."

"புதன், வியாழன், வெள்ளி, சனி" என்று அந்தப் பக்கம் எண்ணும் சத்தம். பிறகு, "நேரா உக்கார வைங்க. காலைத் தொங்கப் போடச் சொல்லுங்க. படுக்க வெக்காதீங்க. நான் ஆம்புலன்ஸ் அனுப்புறேன்."

அம்மா அப்பாவின் முதுகைத் தன் மார்பில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் உதடு நீலமாக இருந்தது. மூச்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம். நான் ஜன்னலைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். ஐயோ நான் என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 23, ஞாயிறு

ஊசி வழியாக மருந்து போகிறது. நேற்றிலிருந்து நாலு லிட்டர் சிறுநீர் போயிருக்கிறது. ஆஸ்பத்திரி மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது எழுபத்தொன்றரை இருந்தாராம். மூன்றரைக் கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு அந்த மனுஷர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்.

துவைக்க எடுத்த சட்டைகளின் பைகளைத் தடவியபோது அம்மாவுக்கு ஏழு மாத்திரை கிடைத்தது. எல்லாம் தண்ணீரை வெளியேற்றும் மாத்திரை. போட்டால் நடக்கிற வழியில் நாலு முறை ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். "இதயத்துக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, இவர் சட்டைக்குப் பாத்திருக்கார்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

பெட்டியில் போட்டேன் என்று பெருமைப்பட்டேன். விழுங்கினாரா என்று பார்த்தேனா?

மார்ச் 24, திங்கள்

சிஸ்டர் வார்டுக்கு வந்தார். தாழ்வாரத்தில் பிடித்து நிறுத்தினேன்.

"நான் புதன்கிழமையே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்." தட்டிக்கொடுக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. "ஏன் சொல்லல?"

"உங்க மேல கோவம்."

"என் மேலயா? நான் என்ன பண்ணேன்?"

"அப்பாகிட்ட நல்லாப் பேசுனீங்க."

கேலி செய்வார் என்று நினைத்தேன். "காலைல பன்னண்டு பேர்கிட்டப் பேசுறேன்மா. எடை எவ்வளவுன்னு கேட்டா நம்பர் மட்டும் வரும். கதை கேட்டாத்தான் எத்தனை வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு எடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். போன்ல ஸ்டெதஸ்கோப் வெக்க முடியாதே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நானும் ஒரு தப்பு பண்ணேன். ராங்க் சொன்னது விளையாட்டுக்கு. இனிமே சொல்ல மாட்டேன்."

அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கிருந்த கிழவரிடம் அதே குரலில், அதே சிரிப்போடு பேச ஆரம்பித்தார். அப்பா தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெற்றியாக இருந்திருக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டபோது, போய் அந்தக் கிழவரின் கட்டிலையே வெளியே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

மார்ச் 26, புதன்

அம்மா டீ வாங்கப் போயிருந்தாள்.

"ஆடிட்டர்."

"என்னப்பா?"

"புதன்கிழமையே தெரியும்னு சொன்னியே. ஏன் என்கிட்டயே கேக்கல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு இருந்தேன். நீங்க அவங்ககிட்ட மட்டும்தானே எல்லாம் சொல்றீங்க."

விட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆபீஸ் குரலில், "முத்திரையத் திருத்துன கடைக்காரனுக்கு அபராதம். பாத்துட்டுச் சும்மா இருந்த ஆபீசருக்கு சஸ்பென்ஷன்."

"எத்தன நாளைக்கு?"

"நீ சும்மா இருந்த அத்தன நாளைக்கு."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. தண்ணீர்க் கோப்பையை நான் எடுத்து நீட்டினேன். அம்மா வந்ததும் அவளிடம் வாங்கிக் குடித்தார்.

மார்ச் 28, வெள்ளி

நாலு நாளில் இரண்டு முடிந்தது. பேசுகிறார். ஆனால் என் கையிலிருந்து ஒன்றும் வாங்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். அறுபத்தெட்டு, இது ஆஸ்பத்திரி மெஷின் சொன்னது. முள்ளை ஜீரோவுக்குக் கொண்டுவந்து, திருகின் மேல் அம்மா பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் தன் கையெழுத்தையும் போட்டாள். "ஆய்வாளரய்யா, சீல் வெச்சாச்சு. பிரிச்சா தெரியும்."

"உன் கையெழுத்து செல்லாது" என்றார் அப்பா.

"முப்பது வருஷமா இந்த வீட்டுல அதுதான் செல்லுது."

மதியம் தட்டை நான் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். "உப்பே இல்ல" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டாவது தலையணை இன்று கட்டிலின் அடியில் கிடந்தது. சிஸ்டரிடம் இதைச் சொல்லியிருப்பாரா? கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று லீவு போட்டிருந்தேன். பதினொரு மணிக்கு அப்பா நடந்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றாமல், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையலறைக்கு நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மாடிப்படியில ரெண்டு தடவ நின்னேன்" என்றார். "நேத்து ஒரு தடவதான்."

கத்தியைக் கீழே வைத்தேன். "எடை?"

"காலைல அறுபத்தொன்பது. நேத்து அறுபத்தெட்டரை. மாத்திரைய முழுங்கிட்டுத்தான் இருக்கேன், நம்பு." முழங்காலைத் தடவிக்கொண்டே, "ரெண்டாவது தடவ நின்னப்ப கைப்பிடிய விட பயமா இருந்துச்சு."

நான் அழவில்லை. அழாமல் இருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால், இதை என்னிடம் சொல்லவில்லையே என்று அத்தனை நாள் ஏங்கியிருக்க மாட்டேன்.

"சிஸ்டர்கிட்ட சொன்னீங்களாப்பா?"

"காலைல எடை மட்டும் சொன்னேன். இது இன்னும் இல்ல."

ஒரு நிமிடம் அதை எனக்கே எனக்காக வைத்துக்கொண்டேன். ஒரே நிமிடம். பிறகு கையைத் துடைத்துவிட்டு, எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே போனை அவர் கையில் கொடுத்தேன். வெளியே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

சிரிப்பு இல்லை. தணிந்த குரலில் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் காது வைக்கவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.